தொகுக்கப்படாத அரசியலமைப்பு: பிரிட்டனில் "இது செல்லாது" என்று யார், எதை வைத்துச் சொல்கிறார்கள்?

#1 மூன்றாமாண்டு

வணக்கம். ஒப்பீட்டு அரசியலமைப்புத் தாளில் பிரிட்டன் பகுதி. நாடாளுமன்ற இறைமை, சட்டத்தின் ஆட்சி, மரபுகள் என்று தலைப்புகள் மனப்பாடம் ஆகிவிட்டன. இவை நடைமுறையில் எப்படி ஓடுகின்றன என்பதுதான் பிடிபடவில்லை.

1) 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்தது செல்லாது என்றது. எந்தப் பிரிவின் கீழ்?
2) நாடாளுமன்றம் எதையும் சட்டமாக்கலாம் என்றால் அங்கே அடிப்படைக் கட்டமைப்பு மாதிரி எதுவுமே இல்லையா?
3) மரபை மீறினால் என்ன தண்டனை?

#2 அரசிதழ்_பிரியன்

பெரும்பகுதி எழுத்தில்தான் இருக்கிறது, ஒரே ஏட்டில் இல்லை. 1689 உரிமைச் சாசனம், 1701 அரியணை வாரிசுச் சட்டம், 1707 இணைப்புச் சட்டங்கள், 1911 மற்றும் 1949 நாடாளுமன்றச் சட்டங்கள், 1998 மனித உரிமைச் சட்டம், அதே ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம், 2005 அரசியலமைப்புச் சீர்திருத்தச் சட்டம். எல்லாமே சாதாரணச் சட்டங்கள். திருத்துவதற்குத் தனி நடைமுறை கிடையாது. வாக்களித்தவர்களில் ஒருவர் கூடுதலாக இருந்தால் போதும். மற்ற சட்டங்களை வெட்டிப்போடும் தலைமைச் சட்டம் என்று ஒன்றும் இல்லை.

ஒரு கேள்விக்கு விடை தேடும்போது இந்த வரிசையில் போங்கள். முதலில் நாடாளுமன்றச் சட்டம். அதில் இல்லையென்றால் தீர்ப்புகள் வழி வந்த பொதுச் சட்டம். அங்கும் இல்லையென்றால், இது மன்னர் பெயரில் அமைச்சர்கள் பயன்படுத்தும் தனியுரிமை அதிகாரமா என்று பாருங்கள்: ஒப்பந்தம் போடுவது, படை அனுப்புவது, கூட்டத்தொடரை முடித்துவைப்பது எல்லாம் அந்தக் கூடையில். அடுத்து அவைகளின் நிலையியல் விதிகள், நடைமுறைக்கு 1844 முதல் பதிப்பிக்கப்பட்டு வரும் எர்ஸ்கின் மே நூல். கடைசியாக மரபுகள். அவற்றுக்கு 2011ல் வந்த அமைச்சரவைக் கையேடு உதவும். ஆனால் அது அரசாங்கம் தன் பார்வையில் எழுதியது, நீதிமன்றத்தைக் கட்டாது.

மாணவர்கள் வழுக்குவது இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிப்பதால்தான். மரபில் தொடங்கி, அதற்கு எதிராகச் சட்டம் இருக்கிறதா என்று பார்க்காமலே விடை எழுதிவிடுகிறார்கள்.

#3 டெம்ப்பிள்_பார்

முதல் கேள்விக்கு வருகிறேன். பிரிவு எதுவும் கிடையாது. அதனால் தீர்ப்பு ஆகாயத்திலிருந்து குதித்தது என்று பொருளில்லை.

படி ஒன்று: 1611 பிரகடனங்கள் வழக்கு. லண்டனில் புதுக் கட்டடம் கட்டக்கூடாது, கோதுமையிலிருந்து ஸ்டார்ச் எடுக்கக்கூடாது என்று முதலாம் ஜேம்ஸ் பிரகடனம் போட்டார். நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் தனியுரிமை மட்டுமே மன்னருக்கு உண்டு என்றார் தலைமை நீதிபதி கோக். ஆக, தனியுரிமைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைச் சொல்வது நீதிமன்றம்.

படி இரண்டு: இந்தக் குறிப்பிட்ட அதிகாரத்தின் எல்லை எது? 11 நீதிபதிகள் ஒருமனதாக இரண்டு கோட்பாடுகளை எடுத்தார்கள். ஒன்று நாடாளுமன்ற இறைமை: அவையை எத்தனை நாள் வேண்டுமானாலும் மூடலாம் என்றால் சட்டம் இயற்றும் அதிகாரமே காற்றில் போய்விடும். இரண்டு, அரசு நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் பொறுப்பு. நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்ய முடியாதபடி, நியாயமான காரணம் இல்லாமல் தடுத்தால் அதிகாரம் எல்லை மீறியது.

படி மூன்று: உண்மை நிலை. அரசி உரை (புதுக் கூட்டத்தொடரைத் தொடங்கும் உரை) தயாரிக்க வழக்கமாக 4 முதல் 6 நாள் போதும் என்பதற்குச் சாட்சியம் இருந்தது. அதைத் தந்தவர் முன்னாள் பிரதமர் ஜான் மேஜர். மூடப்பட்டதோ ஐந்து வாரம், அக்டோபர் 14 வரை. அக்டோபர் 31 ஐரோப்பிய ஒன்றிய வெளியேற்றக் கெடு. காரணம் கேட்டால் அரசுத் தரப்பு வைத்த ஆவணங்களில் ஐந்து வாரத்துக்கான விளக்கமே இல்லை.

படி நான்கு, நிவாரணம். இங்கேதான் நுட்பம். அவைக்குள் நடப்பதை நீதிமன்றம் கேள்வி கேட்கக்கூடாது என்று 1689 சாசனத்தின் 9ஆம் பிரிவு தடுக்கிறது. கூட்டத்தொடர் முடித்துவைப்பு பிரபுக்கள் சபையில் நடந்தாலும், அது அவையின் முடிவல்ல, வெளியிலிருந்து அவைமேல் திணிக்கப்பட்டது என்றார்கள். எனவே தடை பொருந்தாது. பிரிவி கவுன்சில் ஆணை ஆரம்பத்திலிருந்தே வெற்றுத்தாள். கூட்டத்தொடர் முடியவே இல்லை, மறுநாள் அவை கூடியது.

#4 வைகைக்கரை_வழக்கறிஞர்

> அந்த எல்லையைச் சொல்வது நீதிமன்றம்

இதை அப்படியே ஏற்கத் தயாரில்லை. ஓர் அதிகாரம் இருக்கிறதா, அதன் அளவு என்ன என்பது 1611 கேள்வி. இருக்கிற அதிகாரத்தைச் சரியாகப் பயன்படுத்தினார்களா என்பது வேறு கேள்வி. அது 1984ல் ஜி.சி.எச்.க்யூ. (பிரிட்டிஷ் உளவு அமைப்பு) தொழிற்சங்க வழக்கில்தான் திறந்தது, அப்போதும் அவைக் கலைப்பு போன்ற சிலவற்றை ராஸ்கில் பிரபு விலக்கி வைத்தார். 2019ல் நடந்தது இரண்டாவது கேள்வியை முதல் கேள்வியின் சட்டையைப் போட்டு உள்ளே விட்டது. இதே வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றத்தின் மூன்று மூத்த நீதிபதிகள் "இது அரசியல் விவகாரம், எங்களிடம் அளவுகோல் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். எடின்பரோ மேல்முறையீட்டு அமர்வோ செல்லாது என்றது. உச்ச நீதிமன்றத்தில் ஒருமனம் என்பதால் விவாதம் முடிந்துவிடவில்லை.

#5 டெம்ப்பிள்_பார்

நியாயமான மறுப்பு. அளவு, பயன்பாடு என்ற கோடு அந்தத் தீர்ப்பில் மெலிந்துதான் போனது. நாடாளுமன்றம் திருப்பி அடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 2022 நாடாளுமன்றக் கலைப்பு மற்றும் அழைப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, கலைப்பு அதிகாரத்தை நீதிமன்றம் தொடக்கூடாது என்கிறது. அந்தப் பிரிவில் கூட்டத்தொடர் முடித்துவைப்பு இல்லை. அதனால் 2019 தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பை மாற்ற வாய்ப்பு கிடைத்தும் அதைத் தொடாமல் விட்டதையும் கணக்கில் வைக்கலாம்.

#6 அரசிதழ்_பிரியன்

தனியுரிமை பற்றி இன்னொரு விதி விட்டுப்போயிற்று. ஒரு விஷயத்தைச் சட்டம் முழுமையாகக் கையாண்டுவிட்டால் அதே விஷயத்தில் தனியுரிமை உறங்கப் போய்விடும்: 1920 டி கீசர் ஹோட்டல் வழக்கு. முதல் உலகப் போரில் ஹோட்டலைக் கையகப்படுத்தி, தனியுரிமையைக் காட்டி இழப்பீடு இல்லை என்றது அரசு. சட்டத்தில் இழப்பீடு இருக்கும்போது அதைச் சுற்றிப் போக முடியாது என்று முடிந்தது. 2017 ஜனவரியில் 8-3 என்று வந்த முதல் மில்லர் வழக்கும் (2019 கூட்டத்தொடர் வழக்கு இரண்டாவது) இந்தக் குடும்பம்தான். ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது வந்த 1972 சட்டம் மக்களுக்குக் கொடுத்த உரிமைகளை அமைச்சர் கடிதம் எழுதிப் பறிக்க முடியாது, இன்னொரு சட்டம் வேண்டும். அந்தச் சட்டம் இரண்டே பிரிவுகளோடு மார்ச் 16 அன்று ஒப்புதல் பெற்றது. மார்ச் 29 அன்று விலகல் கடிதம் போனது.

#7 வைகைக்கரை_வழக்கறிஞர்

இரண்டாவது கேள்வி என் பக்கம்.

நாடாளுமன்றம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தால்கூட அழிக்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன கேசவானந்த பாரதி வழக்கு 1973ல் 7-6. அதற்கு இணையான தீர்ப்பு பிரிட்டனில் இல்லை. நாடாளுமன்றச் சட்டத்தின் முகத்தைப் பார்த்து நீதிமன்றம் நிற்க வேண்டும். எப்படி நிறைவேறியது, அவையை ஏமாற்றினார்களா என்றுகூடத் துருவ முடியாது (1974, பிக்கின் எதிர் ரயில்வே வாரியம்). உரிமை மீறலா? 1998 மனித உரிமைச் சட்டம் 3ஆம் பிரிவில் முடிந்த அளவு இணக்கமாகப் படி என்கிறது. முடியாவிட்டால் 4ஆம் பிரிவில் "இணங்கவில்லை" என்று அறிவிக்கலாம். அறிவித்தாலும் சட்டம் செல்லும்! 2004 டிசம்பரில் பெல்மார்ஷ் சிறை வழக்கில் வெளிநாட்டவரை விசாரணையின்றி அடைத்து வைத்தது இணங்கவில்லை என்று 8-1 அறிவித்தார்கள். யாரும் அன்றைக்கே வெளியே வரவில்லை. மறு ஆண்டு புதுச் சட்டம் வந்து கட்டுப்பாட்டு ஆணை முறை ஆரம்பமானது.

தீர்ப்பையே பின்தேதியிட்டு அழிக்கவும் முடியும். 1942ல் ஜப்பானியர் கையில் சிக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் படை பர்மாவில் எண்ணெய் நிறுவல்களை அழித்தது. பர்மா ஆயில் கம்பெனிக்கு இழப்பீடு உண்டு என்று 1964ல் பிரபுக்கள் சபை (அப்போது அதுவே இறுதி மேல்முறையீட்டு மன்றம்) தீர்ப்பளித்தது. 1965 போர்ச் சேதச் சட்டம் அந்த உரிமையைப் பின்னோக்கி ரத்து செய்தது. முடிந்தது கதை.

#8 மூன்றாமாண்டு

அப்படியானால் "சட்டத்தின் ஆட்சி" என்பது அலங்காரச் சொல்லா சார்?

#9 டெம்ப்பிள்_பார்

இல்லை. அதன் கூர்மை வேறு இடத்தில் இருக்கிறது. இந்திய நீதிமன்றம் "நாடாளுமன்றத்தால் இது முடியுமா?" என்று கேட்கும். பிரிட்டிஷ் நீதிமன்றம் "இதை எவ்வளவு வெளிப்படையாகச் சொன்னீர்கள்?" என்று கேட்கும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வழக்குகள் வரிசையில் வந்துவிடும்.

1999 சிம்ஸ் வழக்கில் ஹாஃப்மன் பிரபு வகுத்தது: அடிப்படை உரிமையைப் பொத்தாம்பொதுவான சொற்களால் பறிக்க முடியாது, நாடாளுமன்றம் தான் செய்வதை நேருக்கு நேர் எதிர்கொண்டு அதன் அரசியல் விலையைக் கொடுக்க வேண்டும். காரணமும் அவரே சொல்கிறார்: பொதுச் சொற்களின் முழு வீச்சு அவையில் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

2017 யூனிசன் வழக்கைப் பாருங்கள். 2013ல் ஓர் அமைச்சக ஆணை, வேலைவாய்ப்புத் தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் வைத்தது. எளிய வகை வழக்குக்கு மொத்தம் 390 பவுண்ட் (160 தாக்கலுக்கு, 230 விசாரணைக்கு). பாகுபாடு, நியாயமற்ற பணிநீக்கம் போன்றவற்றுக்கு 1,200 (250 + 950). வழக்குகளின் எண்ணிக்கை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் விழுந்தது. கட்டணம் வைக்கத் தாய்ச்சட்டம் அதிகாரம் கொடுத்திருந்தது உண்மை. ஆனால் நீதிமன்றக் கதவையே சாத்தும் அளவுக்கு வைக்கலாம் என்று அது சொல்லவில்லை. எனவே ஆணை ரத்து. தாய்ச்சட்டத்தைத் தொடவில்லை, அதன் கீழ் வந்த ஆணை விழுந்தது. தேர்வில் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் முழு விடையும் போகும்: சார்நிலைச் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்யும், முதன்மைச் சட்டத்தைச் செய்யாது.

#10 அரசிதழ்_பிரியன்

அதே தர்க்கம் சட்டங்களுக்கு இடையிலும் ஓடுகிறது. பழைய விதி: பின்னால் வந்த சட்டம் முன்னதோடு மோதினால் பின்னது வெல்லும், வெளிப்படையாக ரத்து என்று சொல்லாவிட்டாலும். 1934 எல்லன் தெரு வழக்கு. 2002ல் சண்டர்லாந்து சந்தையில் பவுண்டு எடையில் வாழைப்பழம் விற்ற தோபர்ன் வழக்கில் லாஸ் நீதிபதி ஒரு கிளை பிரித்தார். மேக்னா கார்ட்டா, 1689 சாசனம், இணைப்புச் சட்டங்கள், மனித உரிமைச் சட்டம் போன்றவை "அரசியலமைப்புச் சட்டங்கள்". அவற்றை மறைமுகமாக ரத்து செய்ய முடியாது, வெளிப்படையான சொல் வேண்டும்.

ஆனால் இதை ரொம்ப இழுக்கக்கூடாது. 2023 பிப்ரவரியில் அலிஸ்டர் வழக்கு: வட அயர்லாந்து நெறிமுறை (ஐரோப்பிய ஒன்றிய வெளியேற்ற ஒப்பந்தத்தின் ஒரு பகுதி), 1800 இணைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவோடு (சம வணிக உரிமை) மோதுகிறது என்றார்கள். 2018, 2020 வெளியேற்றச் சட்டங்களின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன, எனவே பழைய பிரிவு அந்த அளவுக்கு அடங்கிப் போகும் என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. "அரசியலமைப்புச் சட்டமா இல்லையா" என்ற வாதம் ஏட்டளவிலானது என்று ஒதுக்கியும் வைத்தது.

#11 வைகைக்கரை_வழக்கறிஞர்

வெளிப்படையாகச் சொன்னால் போதும் என்பதன் மறுபக்கத்தையும் எழுதுங்கள். 2023 நவம்பர் 15ல் ருவாண்டா பாதுகாப்பான நாடு அல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆதாரங்களைப் பார்த்து முடிவு செய்தது. 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம், ருவாண்டா பாதுகாப்பான நாடு என்று கருதியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. கண்டறிந்த உண்மையையே சட்டத்தால் மாற்றி எழுதுவது! ஜூலைத் தேர்தலில் ஆட்சி மாறித் திட்டம் கைவிடப்பட்டதால் இந்தச் சட்டம் கடைசி வரை சோதிக்கப்படவில்லை. என் கணிப்பில், சோதித்திருந்தாலும் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றிருக்காது.

#12 டெம்ப்பிள்_பார்

ஒருவேளை. ஆனால் 2005 ஜாக்சன் வழக்கு இருக்கிறதே. நரி வேட்டைத் தடைச் சட்டம் 2004 பிரபுக்கள் சபையின் சம்மதம் இல்லாமல் நிறைவேறியது. 1911 சட்டத்தின்படி பிரபுக்கள் நிதி மசோதாவை ஒரு மாதம் மட்டும் தாமதிக்கலாம், மற்றவற்றை இரண்டு ஆண்டு. 1949ல் அது ஓர் ஆண்டானது. அந்த 1949 சட்டமே 1911 முறையைக் கொண்டு பிரபுக்களை மீறி வந்தது, எனவே அதுவும் நரி வேட்டைச் சட்டமும் செல்லாது என்பது வாதம். ஒன்பது நீதிபதிகளும் ஏற்கவில்லை. போகிற போக்கில் ஸ்டெய்ன் பிரபு, ஹோப் பிரபு, ஹேல் சீமாட்டி மூவரும் இறைமைக்கு வரம்பு இருக்கலாம் என்று கோடு காட்டினார்கள். நீதிமன்றக் கண்காணிப்பையே ஒழிக்க முயன்றால் புதிதாக யோசிக்க வேண்டிவரும் என்றார் ஸ்டெய்ன். தீர்ப்புக்குத் தேவையான பகுதி அல்ல, கட்டாது. ஆனாலும் அரசு வழக்கறிஞர்கள் அதை மறப்பதில்லை.

1911 சட்டத்தில் ஒரே ஒரு பூட்டு உண்டு: நாடாளுமன்றத்தின் ஆயுளை ஐந்தாண்டுக்கு மேல் நீட்டும் மசோதாவுக்குப் பிரபுக்கள் சம்மதம் வேண்டும். தேர்தலைத் தள்ளிப்போட காமன்ஸ் சபை மட்டும் போதாது.

#13 நல்லூர்_நியாயம்

இந்த இடத்திலே இலங்கை வழக்குகளைச் சேர்க்காமல் விட ஏலாது, ஏனெண்டால் பிரிட்டிஷ் கோட்பாட்டின் எல்லை அங்கேதான் அளக்கப்பட்டது. சுதந்திர காலத்து அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29(4)ஆம் பிரிவு: யாப்பைத் திருத்தும் சட்டமூலத்துக்கு முழு உறுப்பினரில் மூன்றில் இரண்டு, கூடவே சபாநாயகரின் சான்றிதழ். 1958 இலஞ்சத் திருத்தச் சட்டத்துக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. இலஞ்ச நியாயசபை உறுப்பினர் நியமனமோ நீதிச் சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்தைத் தொட்டது. ரணசிங்க வழக்கில் கோமறைக் கழகம் (லண்டன் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு) அந்த நியமனம் செல்லாது என்றது. பாராளுமன்றம் இறைமையுள்ளதாக இருந்தாலும், தன்னை உருவாக்கிய ஆவணம் சொன்ன முறையில்தான் சட்டம் செய்யலாம் என்பது அதன் சாரம்.

அடுத்தது லியனகே. 1962 சதிப்புரட்சி முயற்சியில் பிடிபட்டவர்களுக்காகவே பின்னோக்கிச் செல்லும் தனிச் சட்டம் செய்து, தண்டனையையும் கூட்டினார்கள். அது நீதித்துறை அதிகாரத்துக்குள் கை வைத்தது, செல்லாது என்று கோமறைக் கழகம் தீர்த்தது. யாப்பிலே "அதிகாரப் பிரிவினை" என்று ஒரு வரியும் இல்லை; ஆவணத்தின் அமைப்பிலிருந்து எடுத்தார்கள்.

லண்டனில் இருந்த அதே தரத்து நீதிபதிகள், கொழும்புச் சட்டத்தை வெட்டினார்கள், வெஸ்ட்மின்ஸ்டர் சட்டத்தை வெட்டமாட்டார்கள். வித்தியாசம் தொகுத்த ஆவணம்தான். அந்த யாப்பின் வரைவிலே டி.எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசனை சொன்ன ஐவர் ஜெனிங்ஸ்தான் மரபுகளுக்கான மூன்று கேள்விகளையும் வகுத்தவர். மூன்றாவது கேள்விக்கு அது பயன்படும்.

#14 அரசிதழ்_பிரியன்

நன்றி நல்லூர். அந்த மூன்று: முன்னுதாரணம் உண்டா? சம்பந்தப்பட்டவர்கள் தங்களைக் கட்டுவதாக நம்பினார்களா? அதற்குக் காரணம் இருக்கிறதா? காரணத்தோடு ஒரே ஒரு முன்னுதாரணம் போதலாம். காரணமில்லாமல் நீண்ட வழக்கம் இருந்தும் போதாது.

போட்டுப் பார்ப்போம். மன்னர் மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கக்கூடாது: கடைசியாக மறுத்தது 1708ல் ஆன் அரசி, ஸ்காட்லாந்துக் குடிப்படை மசோதாவுக்கு. முந்நூறு ஆண்டு நடைமுறை, கட்டுப்பட்ட உணர்வு, ஜனநாயகம் என்ற காரணம். மூன்றும் பொருந்தும். பிரதமர் காமன்ஸ் சபையில் இருக்க வேண்டும்: 1902ல் விலகிய சாலிஸ்பரி பிரபுவுக்குப் பிறகு இதுதான் வழக்கம்; 1963ல் டக்ளஸ் ஹோம் பிரபுப் பட்டத்தைத் துறந்து இடைத்தேர்தலில் நின்றார். நம்பிக்கை இழந்தால் விலகு, அல்லது தேர்தலுக்குப் போ: 1979 மார்ச் 28ல் 311-310 என்று ஒரே வாக்கில் தோற்ற கல்லகன் தேர்தலைத் தேர்ந்தார்.

> மரபை மீறினால் என்ன தண்டனை?

நீதிமன்றத் தண்டனை இல்லை. அரசியல் விலைதான், அதுவும் கேட்க ஆளிருந்தால். 1909ல் பிரபுக்கள் பட்ஜெட்டை மறுத்து மரபை உடைத்தார்கள். விளைவு 1910ல் இரண்டு பொதுத்தேர்தல், பிறகு 1911 சட்டம். மரபு உடைந்ததும் அந்த இடத்தைச் சட்டம் நிரப்பியது.

எதிர்ப்பக்கம் சூவல் மரபு. ஸ்காட்லாந்து விவகாரத்தில் அங்குள்ள நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வெஸ்ட்மின்ஸ்டர் "வழக்கமாக" சட்டம் செய்யாது. 2016ல் இதை அந்த "வழக்கமாக" என்ற சொல்லோடேயே சட்டப்பிரிவாக எழுதினார்கள். அடுத்த ஆண்டே முதல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் எழுதினாலும் இது அரசியல் மரபுதான், நாங்கள் அமலாக்க மாட்டோம் என்றது. 2020 வெளியேற்ற ஒப்பந்தச் சட்டத்துக்கு ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் சம்மதம் மறுத்தன. சட்டம் நிறைவேறியது. லண்டனில் எந்த அமைச்சர் பதவியும் ஆட்டம் காணவில்லை. விலை கொடுக்க வேண்டிய கட்சிக்குச் சம்மதம் மறுத்த அந்தப் பகுதிகளில் இழக்க இடமே குறைவென்றால் மரபு எதைக் கொண்டு நிற்கும்?

#15 வெலிங்டன்_தமிழ்

நியூசிலாந்திலும் தொகுத்த ஆவணம் இல்லை. 1986 அரசியலமைப்புச் சட்டம்கூடச் சாதாரணச் சட்டம். ஆனால் இங்கே ஒரு பூட்டு உண்டு. 1993 தேர்தல் சட்டத்தின் 268ஆம் பிரிவு: மூன்றாண்டு ஆயுள், 18 வயது வாக்குரிமை, ரகசிய வாக்கு போன்ற சிலவற்றை மாற்ற 75 சதவீத உறுப்பினர் வேண்டும், அல்லது பொதுவாக்கெடுப்பு.

வேடிக்கை என்னவென்றால் 268ஆம் பிரிவுக்கே பூட்டு இல்லை. சாதாரணப் பெரும்பான்மையில் முதலில் அதை நீக்கிவிட்டு மற்றதைத் தொடலாம். யாரும் செய்ததில்லை; எல்லாக் கட்சியும் ஒத்துக்கொண்டதால் நிற்கிறது. 2022 நவம்பரில் தண்ணீர்ச் சேவை மசோதாவில், தனியார்மயத்தைத் தடுக்க 60 சதவீதப் பூட்டைச் செருகினார்கள். அன்றாடக் கொள்கைக்குப் பூட்டுப் போடுவது அடுத்த அவையின் கையைக் கட்டுவது என்று சட்ட அறிஞர்கள் எதிர்க்க, டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

#16 டெம்ப்பிள்_பார்

வெலிங்டன் சொன்ன ஓட்டையை லண்டனில் நிஜமாகவே பயன்படுத்தினார்கள். 2011 நிலையான காலச் சட்டம்: முன்கூட்டிய தேர்தலுக்கு 650ல் மூன்றில் இரண்டு, அதாவது 434 வாக்கு. 2019ல் அரசு மூன்று முறை கேட்டுத் தோற்றது. நான்காவதாக அந்தத் தீர்மானத்தை விட்டுவிட்டு, "டிசம்பர் 12ல் தேர்தல்" என்று தனி மசோதா கொண்டுவந்தது. அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். கிடைத்ததோ 438-20, பழைய வாசலையும் தாண்டிய எண்ணிக்கை. காரணம், தேதி சட்டத்திலேயே இருந்ததால் பிரதமர் அதை நகர்த்த முடியாது என்று எதிர்க்கட்சி நம்பியது. 2022ல் அந்த 2011 சட்டமே போய்விட்டது.

#17 மூன்றாமாண்டு

அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு தொடர்கேள்வி: 2016 சட்டம் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிரந்தரம், பொதுவாக்கெடுப்பு இல்லாமல் ஒழிக்க முடியாது என்கிறதே. நாளை வெஸ்ட்மின்ஸ்டர் ஒழித்தால்?

#18 வைகைக்கரை_வழக்கறிஞர்

1998 சட்டத்தில் 63ஏ பிரிவாகச் சேர்த்தது அது. அதே சட்டத்தின் 28(7), ஸ்காட்லாந்துக்குச் சட்டம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டரின் அதிகாரம் பாதிக்கப்படாது என்கிறது. 2021ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை வைத்தே ஸ்காட்லாந்தின் குழந்தை உரிமை மசோதாவின் பகுதிகளைத் தடுத்தது. விடையை இரண்டாகப் பிரியுங்கள். "63ஏ ரத்து" என்று வெளிப்படையாகச் சொல்லும் சட்டம் வந்தால், நாடாளுமன்ற இறைமைக் கோட்பாட்டை வகுத்த டைசி வழி நின்றால் செல்லும். ரணசிங்க வழக்கின் தர்க்கம் வெஸ்ட்மின்ஸ்டருக்கும் பொருந்தும் என்பவர்கள் பொதுவாக்கெடுப்பைச் சட்டம் செய்யும் முறையின் ஒரு பகுதியாக வாதிடுவார்கள். இரண்டாவது, 63ஏ பற்றி வாய் திறக்காமல் வேறு சட்டத்தின் பக்கவாட்டில் அதிகாரங்களைப் பிடுங்கினால், மேலே #9, #10ல் உள்ள வெளிப்படைச் சொல் விதி உடனே வேலைக்கு வரும். மதிப்பெண் இரண்டாவதில்தான் அதிகம், பெரும்பாலோர் அதை எழுதுவதில்லை.

#19 நல்லூர்_நியாயம்

முதல் வாதத்துக்கு ஒரு எச்சரிக்கை. ரணசிங்கவை மேற்கோள் காட்டினால், அங்கே பாராளுமன்றத்தை உருவாக்கிய ஆவணம் அதற்கு முந்தியது என்பதையும் எழுதுங்கோ. 63ஏயை வெஸ்ட்மின்ஸ்டர் தானே செய்தது. தான் செய்த சட்டம் தன்னைக் கட்டுமா என்பது திறந்த கேள்வி. ஜாக்சனில் ஸ்டெய்ன், ஹேல் இருவரும் கட்டலாம் என்ற பக்கம் சாய்ந்தார்கள், அதற்கு மேல் தீர்ப்பு இல்லை.